புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கத் தொடங்கிய கதை

ஆள்களப் பெயர் முறைமையை "இணையத்தின் தொலைபேசிப் புத்தகம்" என்றுதான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். நானும் பல வருடம் அப்படியே சொன்னேன். உண்மையில் அந்தப் புத்தகத்தை ஒழிக்கத்தான் அந்த முறைமையே வந்தது.

ஆர்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் இலக்கமும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்தார்கள். கணினிகள் பெருக, பிரதிகள் பழசாகின. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் மாற்று வழி எழுதினார்: முழுப் பட்டியலையும் சுமக்க வேண்டாம், தேவைப்படும்போது கேட்டால் போதும்.

பெர்க்லி யுனிக்ஸில் 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்ற சிறு நிரற்கூறு ஏற்கெனவே இருந்தது. பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைத் தரும். முதலில் உள்ளூர்க் கோப்பைப் புரட்டியது. 1986 பதிப்பில் சேவையகத்திடமும் கேட்கப் பழகியது. அதை அழைக்கும் நிரல்களில் ஒரு வரியும் மாற்றத் தேவைப்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் வந்த பதில் உண்மையானதா? கேள்வியோடு போன 16 பிட் இலக்கம் பதிலிலும் இருந்தால் நம்பிவிடுவார்கள். மொத்தம் 65,536 வாய்ப்புகள்தான். நமக்காகக் கேட்கும் சேவையகங்களுக்குள் பொய்ப் பதிலை எவ்வளவு விரைவாகத் திணிக்கலாம் என்பதை 2008இல் டான் கமின்ஸ்கி கண்டுபிடித்தார். வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டியவரும் திருடனிடம் போய்ச் சேரலாம்! அவர் வாய் திறக்கவில்லை. ஜூலை 8இல் பல நிறுவனங்கள் ஒன்றாகத் திருத்தம் வெளியிட்டன: கேள்வி புறப்படும் போர்ட் இலக்கமும் இனி எழுந்தமானமாக மாறும்.

2010இல் மூல வலயத்துக்கே இலக்கமுறைக் கையொப்பம் வந்தது. கெட்ஹோஸ்ட்பைநேம் மட்டும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லாது. பழையபடி இலக்கத்தைத் தரும், அவ்வளவுதான்.