ஒந்தாரிபியா நகரச் சின்னம்

ஒந்தாரிபியா, எசுப்பானியாவின் பாஸ்க் நாட்டில் கிபுசுகோவா மாகாணத்தில் உள்ள சிறு கடற்கரை நகரம். எசுப்பானிய மொழியில் இதன் பெயர் புவென்தெராபியா. பிடசோவா ஆற்றின் முகத்துவாரத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. ஆற்றின் எதிர்க்கரை பிரான்சு. காசுத்தீல் மன்னர் எட்டாம் அல்போன்சோ 1203-இல் இதற்கு நகர உரிமைச் சாசனம் வழங்கினார்.

சின்னத்தின் அமைப்பு

நகரச் சின்னம் நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட கேடயம். முதற்கட்டத்தில் சாவி ஏந்திய வானதூதர், இரண்டாவதில் சிங்கம், மூன்றாவதில் கடலில் ஒரு மரக்கலமும் திமிங்கிலமும், நான்காவதில் கடற்கன்னியும் அவளுடைய ஆண் இணையும். நடுவிலுள்ள சிறு கேடயத்தில் இரண்டு விண்மீன்களுக்கு இடையே ஒரு கோட்டை.

கோட்டையும் சாவியும் எல்லைக் காவல் நகருக்குப் பொருத்தமானவை. 1638-இல் பிரெஞ்சுப் படை இந்நகரை 69 நாட்கள் முற்றுகையிட்டும் கைப்பற்ற முடியவில்லை. அவ்வெற்றியின் நினைவாக ஆண்டுதோறும் செப்டம்பர் 8-ஆம் நாள் 'அலார்தே' என்னும் அணிவகுப்பு நடைபெறுகிறது. சிங்கம், அரச ஆற்றலைக் குறிக்க ஐரோப்பியச் சின்னங்களில் பரவலாக இடம்பெறும் உருவம்.

திமிங்கிலம்

இவற்றுள் திமிங்கிலமே நகர மக்களின் பிழைப்பை நேரடியாகக் காட்டுகிறது. இது பிற்காலக் கற்பனை அன்று. 1297-ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர மன்ற முத்திரையிலேயே, படகில் வந்தவர்கள் எறியீட்டியால் திமிங்கிலத்தைத் தாக்கும் காட்சி பொறிக்கப்பட்டுள்ளது. முற்றுகைக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, தன் ஆவணங்களை உறுதிப்படுத்தும் முத்திரைக்கு இவ்வூர் தேர்ந்தெடுத்த அடையாளம் அது. கெதாரியா, பெர்மியோ, லெகெய்த்தியோ ஆகிய அண்டைக் கடற்கரை ஊர்களின் சின்னங்களிலும் திமிங்கிலம் உண்டு.

பாஸ்க் மக்கள் வேட்டையாடியது பெரும்பாலும் வட அத்திலாந்திக் ரைட் திமிங்கிலம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அது கரையோரம் வரும். மெதுவாக நீந்தும், கொழுப்பு மிகுதியால் இறந்த பின்னும் மிதக்கும். குன்றின் மேல் இருக்கும் காவலர் அதைக் கண்டதும் புகை எழுப்பி அறிவிப்பர். உடனே படகுகள் புறப்படும். கன்றை முதலில் தாக்கினால் தாய் அதைவிட்டு விலகாது என்பதை வேட்டைக்காரர் அறிந்திருந்தனர். கொழுப்பை உருக்கிய எண்ணெய் விளக்குகளுக்குப் பயன்பட்டது.

ஈனும் தாயையும் கன்றையும் ஒருசேரக் கொன்றால் இனம் பெருக வழியில்லை. கரையோரத் திமிங்கிலங்கள் அருகின. பாஸ்க் வேட்டைக்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டில் கனடாவின் லாப்ரடார் கரைவரை சென்று வேட்டையாடினர். பாஸ்க் கரையில் இவ்வினத்தின் கடைசித் திமிங்கிலம் 1901 மே 14 அன்று இதே மாகாணத்தின் ஓரியோ ஊரில் கொல்லப்பட்டது.

இன்று உலகில் இவ்வினத்தில் 400-க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவை வாழ்வது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி; ஐரோப்பியக் கரையில் காண்பது மிக அரிது. சின்னத்தில் உள்ள கோட்டை மதில்களை ஒந்தாரிபியாவில் இன்றும் பார்க்கலாம். ஊரை வாழவைத்த திமிங்கிலம் அதன் கேடயத்தில் மட்டுமே உள்ளது.