விகடகவியை எண்ணிய கணினி



'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? கேமரன் மலையில் நம் தோட்டப் பள்ளியின் முதல் வகுப்புப் பிள்ளையும் விரல் மடக்கி, மூன்று என்று சொல்லிவிடும். கணினி அப்படிச் சொல்லவில்லை. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991இல் 'பைத்தான்' என்ற கணினி மொழியை வெளியிட்டார். அதில் எழுதும் கட்டளைத் தொகுப்புக்கு நிரல் என்று பெயர். கணினி ஒவ்வொரு கட்டளையாகச் செய்துகொண்டே போகும். எழுதுவது எளிது; ஆனால் பல பிழைகள் அந்தக் கட்டளையைச் செய்யும்போதுதான் தலைகாட்டும். சில பிழைகள் தலையே காட்டாமல் தவறான விடையைத் தந்துவிட்டுப் போகும். பொல்லாதவை இவைதாம்.

'தமிழ்' என்பதன் நீளம் என்ன என்று கேட்டால், பைத்தானின் பழைய பதிப்புகள் 15 என்றன. 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு 5 என்றது. காரணம் உண்டு. யூனிகோடு முறையில் த, ம, ழ மூன்றுக்கும் தனித்தனி இடம். இகரக் குறிக்கு ஓர் இடம். புள்ளிக்கு ஓர் இடம். ஆக ஐந்து. கணினியின் சேமிப்பில் ஒவ்வொன்றும் மூன்று அலகு பிடிப்பதால் 15. காலைப் பெரட்டில் கூடை சுமந்து நிற்பவரை, ஆள் ஒன்று, கூடை ஒன்று என இரண்டு பேராகப் பதிந்தால் எப்படி இருக்கும்? அதே கணக்குத்தான். கணினிமேல் கோபம் வேண்டாம். உயிர்மெய் ஒரே எழுத்து என்பதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

'விகடகவி'யைத் தலைகீழாக்கச் சொன்னால் குறி ஓரிடமும் எழுத்து ஓரிடமுமாகச் சிதறியது. தெனாலிராமன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்!

முத்து அண்ணாமலை, பைத்தானைக் கொண்டே 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை அமைத்தவர். அந்தப் பணியோடு ஒட்டி 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பு பலர் கைபட்டு வளர்ந்தது. அது செய்யும் திருத்தம் சிறியது: குறியோ புள்ளியோ வந்தால் முன்னுள்ள மெய்யோடு சேர்த்து எண்ணு. இப்போது விடை மூன்று.

திருத்தியதோடு வேலை முடியாது. நாளை இன்னொருவர் வேறு காரணத்துக்காக ஒரு வரியை மாற்றினால் பழைய பிழை திரும்பிவிடும். ஆகவே சொற்களையும் அவற்றின் சரியான விடைகளையும் முன்கூட்டியே எழுதிவைத்து, மாற்றம் செய்யும்தோறும் ஒப்பிடுகிறார்கள். இதுவே சோதனை. தொழிற்சாலையில் தேயிலையைச் சுவைத்துப் பார்த்த பிறகுதானே பெட்டியில் அடைக்கிறார்கள்?

பெட்டி இங்கேயும் உண்டு. பெயர், பதிப்பு எண், உடன் வேண்டியவை எல்லாம் குறித்துக் கட்டிய பொதி அது. 2003இல் தொடங்கிய பைத்தான் பொதுக் களஞ்சியத்தில் அதை வைத்துவிட்டால், எந்த ஊரிலிருந்தும் ஒரு வரிக் கட்டளையால் வரவழைக்கலாம். இல்லையேல் ஒருவர் கண்ட திருத்தம் அவர் மேசையிலேயே தூங்கும்.

எங்கள் வகுப்பிலும் அதை வரவழைத்தோம். விகடகவி விகடகவியாகவே திரும்பி வந்தது. ஒரு சிறுமி உடனே 'தேயிலை'யைக் கொடுத்தாள். 'லையிதே' என்று வந்ததும் வகுப்பு முழுவதும் சிரிப்பு.