சரபோஜி மன்னரும் எங்கள் வீட்டு எலும்புப் பெட்டியும்

என் மகன் வயிற்றுப் பேத்தி இந்த வருஷம் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னம்மா என்றேன். "போன் செட் தாத்தா. சீனியர் அக்காகிட்ட விலைக்கு வாங்கினேன்" என்றாள். புதுத் தொலைபேசி போலிருக்கிறது, ஆனால் இவ்வளவு பெரிய பெட்டியிலா என்று யோசித்துக்கொண்டே மூடியைத் திறந்தேன். உள்ளே மனித எலும்புகள். மண்டையோடு முதல் கால்விரல் வரை.

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். "பொணத்து எலும்பை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா? விளக்கு வைக்கிற வீடுடீ இது. எடுத்துட்டுப் போ!" பேத்தி அழாத குறையாக, "அடுத்த வாரம் டெஸ்ட் இருக்கு அப்பாயி. எலும்பைக் கையில வச்சுப் பார்க்காம படிக்க முடியாது" என்றாள். பெட்டி திண்ணைக்குப் போயிற்று. நான் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

எனக்கு அப்போது சரபோஜி மன்னர் ஞாபகம் வந்தார். தஞ்சாவூர்க்காரர்களுக்கு அவர் பெயர் புதிதில்லை. ஆனால் அவர் இதே சிக்கலில் மாட்டியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் சரபோஜி 1777இல் பிறந்தவர். துளஜா மன்னரின் சுவீகாரப் பிள்ளை. தரங்கம்பாடிக்கு வந்து பிறகு தஞ்சையில் தங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ்தான் அவருக்குக் காப்பாளர்போல் இருந்து வளர்த்தார். சென்னையில் கெரிக்கே என்ற இன்னொரு பாதிரியாரிடமும் சரபோஜி படித்தார். 1798இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே உடன்படிக்கை எழுதி, கோட்டையும் அதைச் சுற்றிய கொஞ்ச இடமும் போக, ராஜ்யத்தின் நிர்வாகத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆளுவதற்கு நாடு இல்லை. கையில் மானியப் பணமும் நேரமும் இருந்தன. அவர் மாணவராகிவிட்டார்.

ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் புத்தகங்கள் வரவழைத்தார். பலவற்றில் அவருடைய கையெழுத்தை இன்றும் சரஸ்வதி மகாலில் பார்க்கலாம். பல ஆண்டுகள் அவருக்கு மிகவும் பிடித்திருந்த படிப்பு வைத்தியம். வைத்தியம் என்றால் முதலில் உடலின் கட்டமைப்பு தெரிய வேண்டும். அதற்கு எலும்புக்கூடு வேண்டும். அங்கேதான் முட்டுக்கட்டை. அவர் ஆசாரம் தவறாத மன்னர். பெரிய கோயில் மதிலில் போன்சலே வம்சத்து வரலாற்றை 1803இல் மராத்தியில் வெட்டிவைத்தவர். சத்திரங்கள் கட்டியவர். பிற்பாடு காசி யாத்திரையும் போய்வந்தார். மனித எலும்பைத் தொட்டால் தீட்டு என்னும்போது அவர் எப்படித் தொடுவார்?

படிப்பையும் விடவில்லை, ஆசாரத்தையும் விடவில்லை. தந்தத்தில் செய்த எலும்புக்கூடு ஒன்றை வைத்துக்கொண்டார். யானைத் தந்தத்துக்குத் தீட்டு கிடையாதே! 1826இல் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்த பயணத்தைப் பற்றிய குறிப்புகளில், மன்னரின் நூலகத்தில் காற்றை வெளியேற்றும் பம்பு, மின்சாரம் உண்டாக்கும் யந்திரம் ஆகியவற்றோடு அதுவும் இருந்ததாக எழுதியிருக்கிறது.

படித்ததோடு நிற்கவில்லை. தன்வந்திரி மகால் என்ற பெயரில் நாட்டு வைத்தியர்களையும் ஆங்கில வைத்தியரையும் ஒரே இடத்தில் வைத்துச் சிகிச்சை நடத்தினார். அங்கே அனுபவத்தில் கண்ட மருந்துகளைத் தமிழ்ப் பாட்டாக எழுதச் செய்தார். அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள் என்று நோய்வாரியாகப் புத்தகங்களாக வந்தவை. கண் நோயாளிகளைப் பற்றி எழுதிய குறிப்புகளும், அவர்கள் கண்களை வண்ணத்தில் தீட்டிய படங்களும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன.

அதே இடத்தில், பிரான்சில் பதினான்காம் லூயி அரசரின் ஓவியராக இருந்த ஷார்ல் லெ புரூன் வரைந்த படங்களும் உண்டு. மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவை. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தப் படங்களின் முன் நிற்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்து வகுப்பு ஞாபகம் வரும். சுவரில் ஒரு படம் தொங்கும். வாத்தியார் குச்சியால் காட்டக் காட்ட நாங்கள் கத்துவோம். தோள்பட்டை எலும்பு ஓமொப்லாத், காறை எலும்பு கிளாவிக்கூல், தொடை எலும்பு ஃபெமூர். இருநூற்றுச் சொச்சம் எலும்பில் பாதிக்குமேல் எனக்கு மனப்பாடம். ஒரு எலும்பைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. மேலே படிக்க ஆசை இருந்தது. வீட்டு நிலைமையில் குமாஸ்தா வேலைதான் கிடைத்தது.

இந்தக் கதையையெல்லாம் அன்று சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "ராஜாவே தந்தத்துலதானங்க வச்சிருந்தாரு? இவளுக்கும் அப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்."

எனக்கு வாயடைத்துப்போயிற்று. பேத்திதான் பதில் சொன்னாள். "பொம்மையில, செஞ்சவரு பார்த்தது மட்டும்தான் இருக்கும் அப்பாயி. நிஜ எலும்பைத் தடவினாத்தான் தசை ஒட்டியிருந்த மேடு விரலுக்குத் தெரியும். வலது கையா இடது கையான்னு கேப்பாங்க. அதைத் தொட்டுத்தான் சொல்லணும்."

நானும் விடவில்லை. நம்முடைய பழைய சுசுருத சம்ஹிதையே இதைச் சொல்கிறது என்றேன். வைத்தியம் படிப்பவன் நூலையும் படிக்க வேண்டும், கண்ணாலும் பார்க்க வேண்டும். அதற்காகப் பிரேதத்தைப் புல்லால் சுற்றி, கூண்டில் வைத்து, ஓடும் ஆற்றில் ஏழு நாள் ஊறவிட்டு, பிறகு நார்த் தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்து உள்ளே பார்க்கச் சொல்கிறது. நடுவில் அந்த வழக்கம் போய்விட்டது. 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன குப்தா என்ற ஆயுர்வேத பண்டிதர் பிரேதத்தில் கத்தி வைத்தபோது அது பெரிய செய்தியாயிற்று. கோட்டையில் பீரங்கி முழங்கியது என்றுகூடச் சொல்வார்கள். சரபோஜி காலமாகி அப்போது நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

"ஆத்துலயா ஊறப்போட்டாங்க?" என்று முகம் சுளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பேத்தியைப் பார்த்து, "அது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள்.

பேத்தி திண்ணைக்குப் போய் இடுப்பெலும்பை எடுத்து, பின்பக்கத்து வளைவில் விரலை வைத்துக் காட்டினாள். "இந்த வளைவு குறுகலா இருந்தா ஆம்பளை. இது அகலமா இருக்கு பாருங்க. பொம்பளைதான் அப்பாயி."

என் மனைவி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. "எந்த ஊர்ப் பொண்ணோ" என்றாள். எழுந்து உள்ளே போனாள். வரும்போது அவள் கையில் துவைத்து மடித்த பழைய நூல் புடவை ஒன்று இருந்தது. "அட்டைப்பெட்டியில சும்மா போட்டு வைக்காதடீ. இதுல சுத்தி வை. மாடி ரூம்லயே இருக்கட்டும். படிச்சு முடிச்சா குளிச்சிட்டுத்தான் கீழ எறங்கணும்."

அவளும் ஒரு நடுவழி கண்டுபிடித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. சரபோஜி தந்தத்தில் கண்டதுபோல.

பேத்தி சொன்னபடியே குளித்துவிட்டுத்தான் இறங்குகிறாள். டெஸ்டும் நல்லபடியாக எழுதினாள். அவள் கல்லூரிக்குப் போயிருக்கும்போது நான் சில நாள் மாடிக்குப் போய் அந்தப் புடவையைப் பிரிப்பதுண்டு. அறுபது வருஷத்துக்கு முன் மனப்பாடம் செய்த ஓமொப்லாத்தை முதல் தடவையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் நடுப்பகுதியில் ஒளி ஊடுருவித் தெரிகிறது.

பார்த்துவிட்டு நானும் குளித்துவிட்டுத்தான் கீழே வருகிறேன். வீட்டம்மா உத்தரவு எல்லோருக்கும் ஒன்றுதான்.