கற்கருவிகள் (காவிரிப் படுகை)

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் மிக அரிதாகக் கிடைக்கும் தொல்பழங்காலக் கற்கோடரிகள், அம்புமுனைகள், சில்லுகள். படுகை ஆறு சேர்த்த வண்டல், பாறை கிடையாது. ஆகவே வயலில் தீட்டிய கல்லொன்று தென்பட்டால், அதை மனிதர் கொண்டுவந்தனர் என்றே முதலில் கருத வேண்டும்.

பழைய கற்காலத்துக்குரிய புகழ்பெற்ற தமிழக இடங்கள், இராபர்ட் புரூஸ் பூட் 1863இல் கண்டறிந்த பல்லாவரமும் அத்திரம்பாக்கமும், படுகைக்கு வடக்கே உள்ளவை.

கல் அம்புமுனைகளுக்குச் சான்று தேடுவோர் தெற்கே தேரி எனப்படும் மணல்மேடுகளுக்குப் போக வேண்டும். சாயர்புரம் முதலிய இடங்களின் நுண்கற்கருவிகளை ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956இல் விரிவாக வெளியிட்டனர். படிகக்கல்லிலும் செர்ட் என்ற கடினக்கல்லிலும் செய்த பிறைவடிவச் சில்லுகளோடு, இருபுறமும் செதுக்கிய முனைகளும் அவற்றுள் உண்டு. பழைய கடல்மட்டத்தைக் கொண்டு அவர்கள் கணித்த காலம் பின்னர் விவாதத்துக்குள்ளானது. கூரான சில்லெல்லாம் அம்புமுனை ஆகாது. அடித்த இடத்தின் கீழ் புடைப்பும், விளிம்பில் தொடர்ச்சியான செதுக்கலும், தண்டில் பொருத்த மெலிந்த அடியும் பார்க்கப்படும். அப்போதும் அது கத்தியாகவோ துளையிடும் ஊசியாகவோ இருந்திருக்கலாம்.

புதிய கற்காலக் கோடரிகள் சேர்வராயன் மலையில் ஏராளம். அங்கே சிறு பிள்ளையார் கோயில்களில் இவற்றை வைத்து வழிபட்டதைப் பூட் பதிவு செய்திருக்கிறார். உழவில் கிடைத்த கல்லை வீசியெறியாமல் சாமியிடம் சேர்த்த அந்த மக்களாலேயே பல கோடரிகள் அழியாமல் தப்பின.

படுகையில் நன்கு பதிவான கண்டெடுப்பு ஒன்று உண்டு. 2006 பிப்ரவரியில், மயிலாடுதுறை அருகே செம்பியன் கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் வாழையும் தென்னையும் வைக்கக் குழி வெட்டியபோது இரு கற்கோடரிகள் கிடைத்தன. தீட்டி வழவழப்பாக்கிய அவற்றில் ஒன்றில் நான்கு குறிகள் இருந்தன. கல் தொல்லியல் துறையிடம் சேர்ந்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அக்குறிகளைச் சிந்துவெளி எழுத்தென்று கண்டு, முதலிரு குறிகளை ‘முருகன்’ எனப் படித்தார். காலம் சுமார் கி.மு. 2000 முதல் 1500 வரை என்றார். கல் தீபகற்பத்தைச் சேர்ந்தது, வடக்கிலிருந்து வந்ததன்று என்பதை அவர் அழுத்தமாகச் சொன்னார். எழுத்தைப் பொறித்தவர்கள் இங்கேயே வாழ்ந்தவர்கள் என்பது அவர் முடிவு. இவை எழுத்தல்ல, வெறும் கீறல்கள் என்போரும் உண்டு. கோடரியின் வயதும் கீறலின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்ற ஐயமும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. குழியில் வந்த பொருளுக்கு மண்ணடுக்குச் சான்றில்லை என்பதே வாதத்தின் வேர். பின்னர் அவ்வூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது இரும்புக்காலத்துக்குரிய தாழிகளும் கருப்பு-சிவப்பு மட்கலங்களும் கிடைத்தன.

கல்லை நேரடியாகக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்த இயலாது. அதே அடுக்கிலுள்ள கரியையோ, மணல் கடைசியாக வெயில் கண்ட காலத்தையோ அளந்தே அதன் வயது கூறப்படுகிறது. தரைமேல் கிடப்பதற்கு வடிவ ஒப்பீடு ஒன்றே துணை; அது ஆயிரம் ஆண்டுகள்கூட முன்பின் ஆகலாம்.

இரும்புக்காலத்தில் அம்புமுனைகள் இரும்பால் ஆயின. தெற்கே ஆதிச்சநல்லூரில் அவை கிடைத்துள்ளன. 2025 ஜனவரியில் மாநில அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, தமிழகத்தில் இரும்பின் தொடக்கத்தை கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுசென்றது. அது ஏற்கப்பட்டால், படுகையின் கற்கோடரிகளும் இரும்பும் ஒரே காலத்தில் புழங்கியிருக்கக்கூடும்.

வயலில் இத்தகைய கல்லைக் காண்போர் அதைக் கழுவாமல், கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துப் படமெடுத்து, வட்டாட்சியருக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.