விதைநெல்லைக் கொடுத்து வாங்கிய அணி

எங்க சோழபுரம் பக்கம், விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டுட்டாங்கன்னா அந்த வீடு நொடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். என்பிஏ கூடைப்பந்து வரலாற்றிலும் அப்படி ஒரு வீடு உண்டு.

அங்கே புது ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுக்க முடியாது. வருஷாவருஷம் 'டிராஃப்ட்' நடக்கும். தோற்ற அணிகளுக்குத்தான் முன்வரிசையில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். வரப்போகும் வருஷங்களின் தேர்வு உரிமையை முன்கூட்டியே கைமாற்றவும் செய்யலாம்.

2013-இல் புரூக்ளின் நெட்ஸ் அதைத்தான் செய்தது. 37 வயது கெவின் கார்னெட், 35 வயது பால் பியர்ஸ் ஆகியோருக்காக 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகளைப் பாஸ்டன் செல்டிக்ஸுக்குக் கொடுத்தது. 2017-இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்த்தி. பலன்? பிளே ஆஃபில் ஒரே ஒரு தொடர் வெற்றி. மறு வருஷமே பியர்ஸ் கிளம்பிட்டார், 2015-இல் கார்னெட்டும்.

2016–17-இல் நெட்ஸ் 62 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடம். தோற்றவனுக்குக் கிடைக்கவேண்டிய முதல் தேர்வு பாஸ்டனுக்குப் போனது. 2016-இல் அந்த வழியில் ஜேலன் பிரவுன் வந்திருந்தார். 2017-இல் முதலிடத்தைக் கைமாற்றி ஜேசன் டேட்டத்தை எடுத்தார்கள். 2024-இல் இந்த இருவரை வைத்துத்தான் பாஸ்டன் கோப்பை வென்றது.

நம்ம சென்னை சூப்பர் கிங்ஸையும் 2018-இல் வயசானவங்க அணின்னு கேலி பண்ணினாங்க. இறுதியாட்டத்தில் 36 வயது வாட்சன் ஆட்டமிழக்காமல் 117 அடித்தார். ஆனா அது ஏலம். அவருக்குச் செலவானது காசு மட்டும். நெட்ஸ் செலவழித்தது அடுத்த அஞ்சு வருஷத்து விதைநெல்லை.