இந்தியாவில் குடும்பங்களின் மருத்துவச் செலவு

இந்தியாவில் குடும்பங்களின் மருத்துவச் செலவு என்பது சிகிச்சை, மருந்து, பரிசோதனை முதலியவற்றுக்காகக் குடும்பங்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து நேரடியாகச் செலுத்தும் தொகையைக் குறிக்கும். இது சுருக்கமாகக் கைச்செலவு எனப்படும். வரியாகவும் காப்பீட்டுக் கட்டணமாகவும் முன்கூட்டியே செலுத்தப்படும் பணம் இதில் சேராது. தேசிய நலவாழ்வுக் கணக்குகளின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கைச்செலவின் பங்கு 2013-14 இல் 64.2% ஆகவும் 2021-22 இல் 39.4% ஆகவும் இருந்தது. இது ஒரு விகிதம் மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். அரசின் செலவு கூடினால், குடும்பம் தரும் ரூபாய் குறையாத போதும் இவ்விகிதம் குறையும்.

பணம் திரட்டும் வழிகள்

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று (2017-18), மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற ஆகும் சராசரி மருத்துவச் செலவை அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,450 ரூபாய் எனவும் தனியார் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 31,850 ரூபாய் எனவும் கணக்கிட்டது. போக்குவரத்தும் உடன் தங்குபவரின் உணவும் இதற்குப் புறம்பானவை. கட்டணமில்லை எனக் கருதப்படும் அரசு மருத்துவமனையிலும் செலவு ஏற்படுவதற்கு, வெளியில் வாங்கும் மருந்தும் வெளியில் செய்யும் பரிசோதனையும் முக்கியக் காரணங்கள் ஆகும்.

இச்செலவுக்கு வருமானமும் சேமிப்புமே முதன்மை ஆதாரம். ஊரகத்தில் சுமார் 13% குடும்பங்களும் நகரத்தில் சுமார் 9% குடும்பங்களும் கடனையே முதன்மையாக நம்பியிருந்தன. உறவினர் உதவி, நகை, நிலம், கால்நடை ஆகியவற்றை விற்றல் என்பன பிற வழிகள்.

காப்பீடு

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1952 இல் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம், குறிப்பிட்ட ஊதிய வரம்புக்கு உட்பட்ட தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உரியது. இது புறநோயாளர் சிகிச்சையையும் உள்ளடக்குகிறது. ஆனால் அமைப்புசாராத் தொழிலாளர் பெரும்பாலும் இதற்கு வெளியே உள்ளனர். அவர்களை நோக்கிப் பின்னர் வந்த திட்டங்கள் மருத்துவமனைச் சேர்க்கையை மையமாகக் கொண்டவை. 2008 இல் நடைமுறைக்கு வந்த ராஷ்ட்ரிய சுவஸ்த்திய பீமா யோஜனா குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வழங்கியது. 2018 செப்டம்பரில் அதன் இடத்தில் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் 5 இலட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. இதில் மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாட்களின் செலவும் வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான செலவும் அடங்கும். பதினாறாம் நாள் முதல் மருந்துக்கடைச் சீட்டு குடும்பத்தினுடையது.

மருந்துச் செலவு

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவது அரிது. மாத்திரையோ நாள்தோறும் தேவை. மாதந்தோறும் திரும்பி வரும் இச்செலவைக் காப்பீட்டை விட இலவச மருந்து வழங்கலே நேரடியாகக் குறைக்கிறது. 1994 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. இராசத்தான் மாநிலம் 2011 இல் இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மேற்கூறிய நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டு சென்று தரப்பட்டன.

கணக்கில் வராதவை

கைச்செலவுப் புள்ளிவிவரங்கள் செலவிட்டவர்களை மட்டுமே காட்டுகின்றன. பணமின்றிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவரின் செலவு சுழியம் எனவே பதிவாகும். இழந்த நாட்கூலியும் பொதுவாக இதில் சேர்க்கப்படுவதில்லை. எனவே இரு மாநிலங்களை ஒப்பிடுகையில், செலவு குறைவாகத் தோன்றும் மாநிலத்தில் எத்தனை பேர் மருத்துவரிடம் சென்றனர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.