காலிக் கோட்டை வீடுகளும் தூய்மைக்கான இடமும்

தூய்மையை ஈமானோடு இணைத்துப் பேசும் மார்க்கம் நம்முடையது. எனவே, நூற்றாண்டுகள் கடந்த வீடொன்றைப் புதுப்பிக்கும்போது குளியலறைகளைக் கூட்டலாமா என்னும் கேள்வி நமக்கு வெறும் வசதி பற்றியதன்று. தென்னிலங்கையின் காலிக் கோட்டை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

போர்த்துக்கேயர் தொடங்கிய இக்கோட்டையை 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் விரிவாகக் கட்டியெழுப்பினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. 1988இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. மதிலுக்குள் பல தலைமுறைகளாக முஸ்லிம் குடும்பங்கள் வாழ்கின்றன. கலங்கரை விளக்கத்தின் அருகே எழுந்து நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல் அவ்வாழ்வின் சாட்சியாகும்.

கழிவுநீரை வெளியேற்றுவதில் அந்நகருக்குத் தனி வரலாறே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் நிலத்தடியில் அமைக்கப்பட்ட வடிகால்களைக் கடல்நீர் கொண்டு கழுவினர். டிரைட்டன் கொத்தளத்தில் இருந்த காற்றாலை அந்நீரை ஏற்றித் தந்தது. நீர் எங்கே வரும், எங்கே போகும் என்பதை முதலில் தீர்மானித்த பின்னரே ஊரை நிறைவு செய்தனர் எனலாம்.

வீடுகளும் அவ்வாறே. தெருவோரம் இஸ்தோப்பு, அடுத்து உயர்ந்த கூடம், நடுவே முற்றம், பின்னால் சமையற்கட்டு, கிணறு என்பது பொதுவான அமைப்பு. ஈரம் பின்புறத்திலும் முற்றத்திலும் மட்டுமே புழங்கியது. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவர்கள் உறிஞ்சிய ஈரத்தைத் தாமே வெளிவிட்டு உலர்ந்தன.

இன்று கூடத்தை மறித்துக் குளியலறை கட்டி, பழஞ்சுவரில் சீமெந்து பூசித் தரையோடு பதிக்கும்போது அந்த ஈரம் வெளியேற வழியின்றி அடைபடுகிறது. கடற்காற்றின் உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைப் பெயர்க்கிறது. மரச்சட்டங்கள் உளுத்துப் போகின்றன. வீடுகள் ஒட்டிய சுவர்களோடு நிற்பதால் கேடு நம்மோடு நிற்பதில்லை; அண்டை வீட்டாரின் சுவரும் நனைகிறது. அவர்தம் உரிமையைப் பற்றி மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம் என்பதை மறக்கலாகாது.

அதற்காகக் குளியலறையே கூடாது என்பதும் நியாயமன்று. முதிய பெற்றோர் இரவில் கொல்லைப்புறம் நடக்க இயலாது. பெண்களுக்கு மறைவு வேண்டும். ஒரே வீட்டில் இரு குடும்பங்கள் வாழ்ந்தால் பஜ்ருடைய நேரத்தில் ஒரு குளியலறை போதாது. இத்தேவைகளை மறுத்தால் குடும்பங்கள் வீட்டை விற்று வெளியேறும், வீடு விடுதியாகும். சுவர்கள் காக்கப்பட்டும் பள்ளிவாசலின் ஸஃபுகள் குறைந்து போகும். அத்தகைய பாதுகாப்பால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே, பழைய வீடு காட்டும் வழியிலேயே செல்வோம். புதிய குளியலறைகளை முற்றத்தின் ஓரத்திலோ பின்கட்டிலோ அமைப்போம். இரண்டு தேவையெனில் அவற்றை முதுகோடு முதுகாக வைத்து ஒரே குழாய்வழியைப் பயன்படுத்துவோம். பழஞ்சுவரைக் குடையாமல், சிறு இடைவெளி விட்டுத் தனிச்சுவர் எழுப்புவோம். நீர்த்தொட்டியின் பாரத்தைப் பழங்கூரையின் மீது ஏற்றாதிருப்போம். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியை முன்னரே பெறுவோம். கழிவறையில் அமரும் திசை கிப்லாவை முன்னோக்காமலும் பின்னோக்காமலும் பார்த்துக்கொள்வோம். கட்டடத்துக்குள் ஷாபிஈ மத்ஹப் சலுகை தருகிறதெனினும் தவிர்ப்பதே சிறப்பு.

எத்தனை அறைகள் என்பதற்கும் அளவு வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது முக்கால் லீட்டருக்கும் குறைவான நீரில் வுழூச் செய்தார்கள். நான்கு முத்துக்கள் கொண்ட ஒரு ஸாஉ நீரில் குளித்தார்கள். தூய்மைக்கு வேண்டியது சிறிதே. மிகுதியைக் கேட்பது பெரும்பாலும் நம் பெருமிதமே.

முன்னோர் விட்டுச் சென்ற வீடு நம்மிடம் உள்ள அமானிதம். அதனைத் தூய்மையாகவும் சேதமின்றியும் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.